‘வழக்கம்போல்’ என்று எழுதியது யார்?

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை. கம்ப்யூட்டரை இயக்க நான் எழுதித் தந்த குறிப்பை ரோஸ்மேரி அக்கா மடித்து மேசைமேல் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார். அவர் ஊரான பாலிங்குக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சுங்கை பட்டாணியில் நாங்கள் சிலர் நடத்தும் கம்ப்யூட்டர் கிளப் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு மண்டபம், ஒரு கம்ப்யூட்டர், புரோகிராம்களை டேப்பில் பதிந்துவைத்து ஏற்ற ஒரு டேப் ரெக்கார்டர். நாங்கள் எழுதும் புரோகிராம்களை யாரும் இலவசமாகக் காப்பி எடுக்கலாம். பிடிக்காததைத் திருத்தியும் கொள்ளலாம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை... கொஞ்சமா?

அக்கா ரப்பர் தோட்டத்துக் கிளினிக்கில் உதவியாளர். போன வருடம் அவருடைய தங்கைக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பொருந்துகிற ரத்தம் தேடி அக்கா வீடு வீடாக ஓடினார். தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஓட்டத்தை அக்காவால் மறக்க முடியவில்லை. யாருக்கு என்ன ரத்தம், வீடு எங்கே – கேட்டவுடன் எடுத்துத் தருகிற பட்டியல் வேண்டும் என்றுதான் எங்களைத் தேடி வந்தார். எங்கள் முகவரிப் புரோகிராமே அதற்குப் போதும்.

“என்னக்கா, கிளம்பிட்டீங்க?”

“நமக்குச் சரிப்படாது தம்பி. மூணு சனிக்கிழமை வந்து பாத்துட்டேன்லா.”

எங்கள் கிளப்பின் கெட்டிக்காரர் மணியம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “எல்லாம் பேப்பர்ல இருக்குக்கா. படிச்சாப் புரியும்.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கும் சுருக்கென்றது. அந்தப் பேப்பரை எழுதியது நான்தானே?

அவரை உட்காரவைத்தேன். “நீங்க படிச்சுப் படிச்சு செய்யுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

முதல் வரி: ‘வழக்கம்போல் டேப்பை லோட் செய்யவும்.’

“வழக்கம்போலன்னா எப்படி தம்பி? எனக்குத்தான் வழக்கமே இல்லையே!”

பென்சிலால் அதன் கீழே கோடு போட்டேன். அடுத்த வரியில் இன்னொரு கோடு. பக்கம் முடிவதற்குள் பென்சில் மழுங்கிவிட்டது.

நடுவில் அக்கா மெல்லக் கேட்டார்: “தப்பா அமுக்கினா கெட்டுப்போயிருமா? அந்தப் பயத்துலதான் நான் தொடவே இல்ல.”

மூன்று வாரமாக அவரைத் தடுத்தது இதுதான். என் ஆறு பக்கத்தில் அதற்கு ஒரு வரி பதில் இல்லை! இலவசம் என்று கதவை அகலத் திறந்துவைத்தோம். வாசற்படி எவ்வளவு உயரம் என்று பார்த்தோமா?

புதுக் குறிப்பை இருவரும் சேர்ந்தே எழுதினோம். சொல்வது நான், புரியாத இடத்தில் நிறுத்துவது அக்கா. பஸ் போய்விட்டது, அவர் கவலைப்படவில்லை. முதல் வரி முழுக்க அவருடையது: ‘புதுசா வந்திருக்கீங்களா? வாங்க. எதை அமுக்கினாலும் மிஷின் கெடாது.’

நேற்று அக்கா தனியாகவே டேப்பை ஏற்றினார். பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். யாரையும் கூப்பிடவில்லை.

மணியம் புதுக் குறிப்பை எடுத்துப் படித்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“நான் கத்துக்கறப்ப இப்படி யாரும் எழுதித் தரலக்கா. ஒரு மாசம் திண்டாடினேன். யார்கிட்டயும் கேக்க வெட்கம்.” கொஞ்சம் தயங்கினார். “என் பேரையும் போட்டுக்குங்க. பி பாசிட்டிவ்.”

அக்கா தட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்களுக்கு?”

ஊருக்கெல்லாம் விளக்கம் எழுதுகிறவன் – என் ரத்தம் என்ன வகை என்று எனக்கே தெரியவில்லை!