லேடீஸ் டிரைவிங்கும் ஒரு பழைய க்ளட்ச் பிளேட்டும்

இன்று குகட்பள்ளி மெக்கானிக் என் காரின் தேய்ந்துபோன க்ளட்சைக் கழற்றிவிட்டுத் தீர்ப்பும் சொன்னார்.

"ஹாஃப் க்ளட்ச் மேடம். லேடீஸ் டிரைவிங் ஐஸாச்."

பெண்கள் ஓட்டினால் இப்படித்தானாம். க்ளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவோமாம்.

கழற்றிய பிளேட்டைக் காட்டச் சொன்னேன்.

"கைக்கு மேடம்?" எதற்கு என்கிறார்!

துடைத்துக் காட்டினார். கார் கம்பெனியின் முத்திரை அப்படியே இருந்தது. ஷோரூமிலிருந்து வண்டியோடு வந்த அதே பிளேட்.

"நல்லா ஓட்டினால் ஒரு பிளேட் எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டேன்.

"எண்பதாயிரம் கிலோமீட்டர் மேடம்."

மீட்டரைக் காட்டினேன். ஒரு லட்சத்து முப்பதாயிரம். எல்லாம் தினமும் காஞ்சன்பாக் ஆபீசுக்கு நான் போய் வந்தது.

கொஞ்சம் யோசித்தார். "தோ சாப் சலாயே ஹோங்கே."

அப்படியானால் சார்தான் ஓட்டியிருப்பாராம். சாருக்கு லைசென்சே கிடையாது ஐயா!

பிளேட்டைக் குப்பையில் போடப் போனவரை "நக்கோ" என்று தடுத்து வாங்கி வந்துவிட்டேன். இப்போது எங்கள் பார்க்கிங்கில் தொங்குகிறது. அபார்ட்மென்ட் குரூப்பில் "லேடீஸ் டிரைவிங்" என்று சிரிப்புப் பொம்மை போடும் அண்ணன்மார்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

கை கரியாகும். அதே கையால் முகத்தைத் தடவிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.