மெயிலுக்குக் காவல் போட்ட முனிரத்தினம்

அறுபத்திரண்டு வயதுவரை முனிரத்தினம் பார்த்த வேலை ஒன்றுதான். வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்புவது. இடம் மட்டும் அவ்வப்போது மாறியது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். தறிக்குழியில் கால் வைத்தால் இடுப்பு வலிக்கிறது என்று சின்ன வயதிலேயே எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வலியும் வரவில்லை, அவரும் தறிப் பக்கம் வரவில்லை. ஒரு சேலைக் கடையின் வாசலில் பில்லையும் பையையும் ஒத்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. பிறகு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு "அடுத்த பந்தி, அடுத்த பந்தி" என்று வயதானவர்களை நிற்க வைப்பதுதான் அந்த மேனேஜர் வேலை. கருட சேவை வந்தால் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போய், சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டு, கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். பெருமாளைப் பார்த்தாரோ இல்லையோ, பார்க்க வந்தவர்களை நிறுத்தி வைத்த கதையை ஒரு வாரம் சொல்வார்.

அவருடைய அம்மா வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். திருப்பிப் படுக்க வைத்தது, துடைத்தது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டது எல்லாம் மனைவி புவனேஸ்வரி. முனிரத்தினம் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற உறவுக்காரர்களிடம், இப்போது பார்க்க முடியாது, தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பினார். எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று ஊர் மெச்சியது. பீத்துணி அலசுகிறவள் கொல்லைப்புறத்தில் இருப்பாள், ஊர் கண்ணில் படமாட்டாள்.

புவனேஸ்வரி இதற்கெல்லாம் அழுகிற ரகம் இல்லை. வீட்டில் மூன்று தறி, அடுத்த தெருவில் அவளை நம்பி ஐந்து தறி. காந்தி ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய கடைக்குத்தான் அத்தனையும் கூலிக்கு ஓடின. பட்டு அவர்கள் கொடுப்பார்கள், ஜரிகை அவர்கள் கொடுப்பார்கள், நிறமும் அவர்கள் சொல்வார்கள். கடை ஆள் அப்பாதுரை வந்து சேலையை வாங்கிக்கொண்டு, நெய்ததில் குறை சொல்லி, கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போவார். இந்த ஆளின் முகத்தைப் பார்க்காமல் சொந்தப் பட்டில், சொந்த நிறத்தில் தறி ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து எண்ணம்.

சித்திரையில் அதற்கு ஒரு வழி வந்தது. சிங்கப்பூரில் சேலைக் கடை வைத்திருக்கும் சங்கீதா என்ற பெண் நேரில் வந்து, தறியில் இருந்த சேலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, திருப்தியானாள். தை முகூர்த்தத்துக்குக் கல்யாணச் சேலைகள் வேண்டும், எட்டுத் தறிக்கும் வேலை இருக்கும் என்றாள். ஒரு நிபந்தனை. நிறம், கரை, முந்தி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மெயிலில்தான் அனுப்புவாள். வாட்ஸப்பில் பேசிப் பேசி ஒருத்தர் அவளை முன்பே ஏமாற்றியிருந்தார்.

அதற்காகவே புவனேஸ்வரி, சொந்தமாகத் தொடங்கப்போகும் கடையின் பெயரில் ஒரு மெயில் முகவரி வாங்கினாள். வருஷச் சந்தா கட்டினால் ஒரு கம்பெனி அந்த மெயிலைத் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொள்ளும். தறிகளில் நீளவாட்டில் ஏற்றியிருந்த பாவு நூல் ஆடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் சங்கீதாவின் மெயில் வந்தால் எட்டுத் தறியும் புவனேஸ்வரியுடையவை. வராவிட்டால் மறுபடி அப்பாதுரையிடம் கை நீட்ட வேண்டும்.

மெயில் பார்க்கும் வேலையை முனிரத்தினம் தானாகவே எடுத்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்தில் அதிகாரம் செய்ய ஏற்ற வேலை. காலையில் கம்ப்யூட்டருக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு, மேலே இருக்கும் முதல் மெயிலைப் போணி என்று திறப்பார். காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், விலையைக் குறைத்தாவது ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வழக்கத்தை அவர் மெயிலுக்கும் கொண்டுவந்தார். போணி மெயில் எதைத் தொடச் சொன்னாலும் தொட்டார், எதை நிரப்பச் சொன்னாலும் நிரப்பினார். சொந்தச் சித்தப்பாவையே பந்தியில் இருந்து எழுப்பிய மனுஷர், முன்பின் தெரியாத திருடனுக்கு ஊதுவத்தி காட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஒருநாள் பில் என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்தது. என்ன வாங்கினோம், எதற்குப் பில் என்று அவர் யோசிக்கவில்லை. திறந்தார். மறுநாளில் இருந்து புவனேஸ்வரி பெயரில் எல்லாருக்கும் அதே பில் போக ஆரம்பித்தது. சங்கீதாவுக்கும் போனது. உங்கள் மெயிலில் வைரஸ் இருக்கிறது, சரிசெய்த பிறகு விவரம் அனுப்புகிறேன் என்று அவள் ஒரு வரி எழுதினாள்.

புவனேஸ்வரி ஆள் வைத்துக் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸைத் துடைத்து, சரியாகிவிட்டது என்று சங்கீதாவுக்கு எழுதினாள். பிறகு மெயில் கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு சந்தேக மார்க்கு விழும். ஐந்துக்கு மேல் போனால் குப்பை என்று எடுத்துக்கொள்ளலாம். அதை அழிக்க வேண்டாம், தனியாக ஒரு ஃபோல்டரில் விழட்டும், தினம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், நல்லதும் சில சமயம் அதில் போய் விழும். இணைப்பாக வரும் ஃபைல்களை வைரஸ் சோதனைக்கு விடுங்கள். இவ்வளவுதான். புவனேஸ்வரி சாயப் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூடவே கேட்டு 'உம்' கொட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் அந்தப் பெண் சொன்னபடி செய்துவிடச் சொல்லிவிட்டுப் போனாள். முப்பது வருஷம் கூட இருந்தும் அவள் செய்த மடத்தனம் அது.

திரும்பி வந்தபோது அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிது. இனிமே ஒரு கொசு உள்ள வராது."

"அந்தப் பொண்ணு சொன்ன மாதிரிதானே செஞ்சீங்க?"

"அதுக்கு இன்னா தெரியும்? குப்பைக்குத் தனியா ரூம் கட்டச் சொல்லுது. வீட்டுல எவனாச்சும் குப்பையை வெச்சிக்கினு தெனம் தெனம் கிளறிக்கினு இருப்பானா?"

அவள் கை கழுவப் போய்விட்டாள்.

அதன் பிறகு மெயில் பெட்டி சுத்தமாக இருந்தது. முனிரத்தினம் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்தக் காலியிடத்தைக் காட்டினார். தெருமுனை டீக்கடையில் தன் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார். எப்போதாவது சம்பந்தியிடம் இருந்தோ பழைய மண்டப முதலாளியிடம் இருந்தோ ஒரு மெயில் வரும். அதற்கு அன்று முழுவதும் பதில் எழுதுவார்.

சிங்கப்பூரில் இருந்து ஒன்றும் வரவில்லை. பாவு தேய்ந்துகொண்டே வந்தது. புவனேஸ்வரி போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் விற்கிறவர் வாங்குகிறவரைத் துரத்தினால் சேலையில் ஏதோ குறை என்று அர்த்தமாகிவிடும், விலை இறங்கிவிடும் என்றே இந்தத் தொழிலில் எல்லாரும் பழகியிருந்தார்கள். வைரஸ் அனுப்பிய வெட்கம் வேறு. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

மூக்கில் வேர்த்ததுபோல அப்பாதுரை வந்தார். தறிகளை ஒரு சுற்று பார்த்தார்.

"இன்னாமா, சிங்கப்பூர் கப்பல் கிளம்பிச்சா, இன்னும் தண்ணி பத்தலயா?"

வருகிற வெள்ளிக்குள் எட்டுத் தறியையும் வருஷம் முழுக்கத் தன் கடைக்கே ஓட்டுவதாகச் சொன்னால் பட்டு இறக்குகிறேன், இல்லாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த தெருவில் ஐந்து குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு அடுப்பு எரிய வேண்டும் என்பதையும் அவளுக்கு ஞாபகப்படுத்தினார். புவனேஸ்வரி வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றாள். ஒப்புக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

வியாழக்கிழமை ஹயாத் பாஷா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒலிமுகமதுபேட்டைக்காரர். முந்திக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தருவது அவர் தொழில். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"புவனாம்மா, முந்தி டிசைன் திரும்பத் திரும்ப அனுப்பிக்கினே இருக்கிறேன். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடுங்க, எனக்குக் கோவம் வராது. பதிலே இல்லாம இருந்தா எப்படிமா?"

"எனக்கு ஒண்ணும் வரலியே, பாய்."

இருவரும் ஒரே சமயத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். பாஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முனிரத்தினம் எழுந்து வந்து, அதைத் தொட வேண்டாம், செட்டிங் கலைந்துவிடும் என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தேக மார்க்கு ஐந்துக்குப் பதில் ஒன்றில் இருந்தது. அந்தக் கணக்கில் வணக்கம் என்று எழுதினாலே குற்றவாளிதான். தனி ஃபோல்டர் கிடையாது, மாட்டியது எதுவோ அது அப்போதே அழிந்துவிடும். ஃபைலோ படமோ இணைத்து வந்தால் சோதனை எதுவும் இல்லாமல் நேரே அழிவு. விலக்கு சம்பந்திக்கும் மண்டப முதலாளிக்கும் இரண்டு டீக்கடைச் சிநேகிதர்களுக்கும் மட்டும். கடைசியாக, எந்தெந்த வார்த்தை இருந்தால் மெயிலை ஒழிக்க வேண்டும் என்று அவரே யோசித்துப் போட்டவை. குப்பை மெயில்களில் தங்கக் காசு, கல்யாணத் தகவல், தள்ளுபடி என்று நிறைய வருவதைப் பார்த்து அவற்றில் இருந்தே பொறுக்கியிருந்தார். பாஷா சத்தமாகப் படித்தார்.

"கோல்டு. சில்வர். பியூர். ஒரிஜினல். பிரைடல். வெட்டிங். ஆர்டர்..." நிறுத்திவிட்டு முனிரத்தினத்தைப் பார்த்தார். "அண்ணே, இது நம்ம கடை போர்டு, அண்ணே."

"வர்ற திருட்டு மெயில் எல்லாத்துலயும் அதான் இருந்திச்சி," என்றார் முனிரத்தினம். "நான் ஆராய்ச்சி பண்ணித்தான் போட்டேன்."

பட்டுச் சேலை வியாபாரத்தில் சுத்தம், தங்கம், கல்யாணம் என்ற மூன்று வார்த்தையும் இல்லாமல் எவள் ஆர்டர் எழுதுவாள்? காயத்தைக் கழுவாமல் கட்டை மட்டும் இறுக்கி, ரத்தம் நின்றுவிட்டது என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. விரல் கறுத்துப்போன பிறகுகூட அவர்கள் கட்டைத்தான் காட்டுவார்கள். முனிரத்தினம் அந்த ஜாதி.

அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று புவனேஸ்வரி கேட்டாள். முடியாது என்றார் பாஷா. அவள் போனை எடுத்துக்கொண்டு தறி அறைக்குப் போனாள். துரத்தினால் விலை இறங்கும் என்ற பேச்சை இனி வைத்துக்கொண்டு பயன் இல்லை.

சங்கீதா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. இரண்டு தடவை விவரம் அனுப்பியதாகவும், பதில் இல்லாததால் தை ஆர்டரைத் தர்மாவரத்தில் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டதாகவும், ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டிருந்தால்கூட நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னாள். புவனேஸ்வரி சாக்குச் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தர் மெயிலைத் தப்பாக அடைத்துவிட்டார், இன்றைக்கே நான் திறந்துவிடுகிறேன், பங்குனி முகூர்த்தத்துக்கு ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்றாள். பார்க்கிறேன் என்றாள் சங்கீதா. அந்தப் 'பார்க்கிறேன்' எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை.

அன்றைக்கே கம்பெனிப் பெண்ணைப் போனில் வைத்துக்கொண்டு புவனேஸ்வரி ஒவ்வொன்றாக மாற்றினாள். மார்க்கு ஐந்து. சந்தேகப்பட்டது தனி ஃபோல்டருக்கு. ஃபைல்களுக்கு வைரஸ் சோதனை. ஒழிக்கும் வார்த்தைகள் மொத்தமும் காலி. பாஷாவின் முகவரியும் சங்கீதாவின் முகவரியும் தடையில்லாமல் வர அனுமதி. பாஸ்வேர்டையும் மாற்றினாள்.

"புது பாஸ்வேர்டு இன்னா?" என்றார் முனிரத்தினம்.

"சோறு எடுத்து வெச்சிருக்குது, சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை அப்பாதுரை பட்டுப் பையோடு வந்தார். அடுத்த தெரு ஐந்து தறியை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சாப்பிட வேண்டும் என்றாள் புவனேஸ்வரி. வீட்டுத் தறி மூன்றும் உங்களுக்கு இல்லை என்றாள். அப்பாதுரை சிரித்தார். எதை நம்பி என்று கேட்டார். அவர் போன பிறகு அவள் மிச்சம் இருந்த நகையை வைத்துப் பட்டு வாங்கி, பாஷாவின் முந்தி டிசைனில் ஒரு தறிக்கு மட்டும் பாவு ஏற்றினாள். மற்ற இரண்டும் சும்மா நின்றன.

முனிரத்தினத்துக்கு ஒரு குறையும் இல்லை. வைரஸில் இருந்து கடையைக் காப்பாற்றியதே தான்தான், அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் புகுந்து கலைத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கைவிட்டுப் போனதால் போனை எடுத்துக்கொண்டார். பூ, விளக்கு, சாமி படம் போட்ட காலை வணக்கங்களைத் தெரிந்தவர் தெரியாதவர் என்று ஒரு கூட்டத்துக்கே ஒரே மெயிலில் தட்டிவிடுவார். கடை முகவரியையும் அதில் சேர்த்திருந்தார்.

புவனேஸ்வரி தினம் டீ குடிக்கும்போது அந்தத் தனி ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். பெரும்பாலும் குப்பைதான். புரட்டாசியில் ஒரு காலை அங்கே சங்கீதாவின் பெயர் இருந்தது. தன் கடையின் வேறொரு முகவரியில் இருந்து அனுப்பியிருந்ததால் சந்தேகத்தில் விழுந்திருந்தது. பங்குனிக்கு மூன்று தறிக்குப் போதுமான சேலைகள். முதல் சேலைக்கு மயில் கழுத்து நிறம், அரக்குக் கரை. நிறங்களின் படம் இணைத்திருந்தாள். முதல் சேலை பிடித்தால் மற்றதைத் தொடரலாம் என்று முடித்திருந்தாள்.

அவள் 'இது குப்பை அல்ல' என்ற பொத்தானை அமுக்கி அதை உள்ளே எடுத்து, சரி, ஆரம்பிக்கிறேன் என்று பதில் எழுதினாள். ஃபோல்டரில் அதற்குக் கீழே வரிசையாக முனிரத்தினத்தின் காலை வணக்கங்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே பொத்தான் இருந்தது. அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, பாவுக்குப் பட்டு சொல்லப் போனாள்.