ஆறாம் வகுப்புப் பெற்றோரின் வேட்பாளர்

என் மகளுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தாள். இரண்டாவது முறை டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவளிடமே இந்தியில் கேட்டார், "ஸ்கூலில் தண்ணீர் குடிக்க மாட்டாயா?" மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்கள் கழிப்பறை பூட்டியே இருக்கிறது, அதனால் எங்கள் வகுப்பில் எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை என்றாள்.

நான் போதகன். மராத்தி பேசும் லோஹேகாவில், விமானப்படைத் தளத்தை ஒட்டிய குடியிருப்பில், தகரக் கூரை போட்ட கூடம் ஒன்றில் தமிழ்க் கிறிஸ்தவ சபை நடத்துகிறேன். தெருக்குழாய்க்காக மறியலில் உட்கார்ந்து போலீஸ் வண்டியிலும் ஏறியவன். ஊரார் வீட்டுத் தண்ணீருக்காகக் கத்திய எனக்கு, சொந்த மகள் தாகத்தோடு வீடு திரும்புவது தெரியவில்லை. அன்று டாக்டர் முன்னால் நான் கூனிக் குறுகிப்போனேன்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை கெட்டவர் அல்ல. "தொட்டி உடைந்து தண்ணீர் ஏறவில்லை. பெற்றோர் குழு தீர்மானம் போட்டால்தான் மேலே எழுத முடியும்" என்றார்.

"குழு கூடுவதே இல்லையா?"

அவர் ஒரு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். மாதம் தவறாமல் கூட்டம் நடந்திருந்தது. எல்லா வசதிகளும் திருப்தி என்று ஒவ்வொரு மாதமும் எழுதி, கீழே வரிசையாகக் கையெழுத்துகள். அவற்றில் ஒரு பெயர் எங்கள் அடுத்த வீட்டு அக்காவுடையது. அழகான மராத்தி எழுத்தில், கடைசியில் ஒரு சுழிப்போடு இருந்தது.

அக்கா விமான் நகரில் நாலு வீட்டுக்குச் சமைக்கிறவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், மகன் அதே பள்ளியில் நாலாம் வகுப்பு. சாயங்காலம் விசாரித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் எந்த மீட்டிங்குக்குப் போனேன் பாஸ்டரய்யா? கமிட்டில உன் பேரு இருக்குன்னு சொல்லி ஆதார் ஜெராக்ஸ் வாங்கினாங்க, அதோட சரி. பேங்க்லயே நான் கைநாட்டு. எனக்கு ஏது கையெழுத்து?"

என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த சனிக்கிழமை புதுக் குழு தேர்ந்தெடுக்கறாங்க. நோட்டீஸ் வந்திருக்கு. மனு எழுதறத விட்டுட்டு நீங்களே நில்லுங்க" என்றாள்.

ஒரு வாரம் வீடு வீடாக நடந்தேன். தமிழ் வீடு, மராத்தி வீடு, பீகாரிலிருந்து வந்தவர்கள் வீடு என்று எதையும் விடவில்லை. ஓர் அம்மாள், "ஏசுவுக்கா ஓட்டு?" என்று கேட்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். பேச்சை மராத்தியில் எழுதி மகளிடம் ஒப்பித்துப் பார்த்தேன். "சௌசாலய் இல்லப்பா, ஷௌசாலய்" என்று அவள் திருத்தினாள். கழிப்பறை என்ற ஒரு சொல்லைச் சரியாகச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சனிக்கிழமை பள்ளி முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பெற்றோர் சார்பில் ஒரே இடம். எனக்கு எதிராக நின்றவர் பழைய குழுவின் தலைவர். பகுதியில் செல்வாக்கானவர், அவர் மகளும் அதே வகுப்புதான். கைகூப்பிவிட்டுச் சொன்னார்: "பாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் நாளைக்குப் பள்ளியிலே ஜெபம் ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

கூட்டம் முணுமுணுத்தது. நான் எழுந்தேன். "ஜெபத்துக்கு எனக்குத் தகரக் கூடம் இருக்கிறது. இங்கே நான் கேட்பது கழிப்பறைச் சாவி ஒன்றுதான்" என்றேன். அந்த நேரம் பார்த்துப் போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. வழக்கம்போல எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். சத்தம் அடங்கியபோது எனக்கு மிச்ச மராத்தி மொத்தமும் மறந்துபோயிருந்தது. எழுதிய தாளைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினேன்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னார். தன் பெயர் எது என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டு அதன் மேல் விரலை வைத்தார்.

"மலா சஹீ யேத் நாஹீ!" என்றார். எனக்குக் கையெழுத்துப் போடவே வராது என்று அர்த்தம். "அப்புறம் இதை யார் போட்டது?"

முன்வரிசையில் இருந்தவர்கள் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு மராத்தித் தாய் எழுந்து, "என் பெயரும் இருக்கிறதா பாருங்கள்" என்றார். இருந்தது. அவரும் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. மூன்றாவதாக ஒருவர், நான்காவதாக ஒருவர். பழைய தலைவர், "கிளார்க் செய்த தவறு" என்றார். யாரோ சிரித்தார்கள், அது முற்றம் முழுக்கப் பரவியது.

கை தூக்கச் சொன்னார்கள். அவருக்கு ஏழு கைகள். என் பெயரைச் சொன்னதும் தலைமை ஆசிரியை விரல் நீட்டி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "போதும், எண்ண வேண்டியதில்லை" என்றார். கதவைச் சாத்திய அம்மாளும் என்னைப் பார்க்காமல் கையை உயர்த்தியிருந்தார். என் மனைவி பொது இடம் என்றும் பாராமல் விசிலடித்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானமே மற்ற வகுப்புகளின் உறுப்பினர்களும் கூடி என்னைத் தலைவராகவும் நாலாம் வகுப்புப் பெற்றோர் சார்பில் வந்திருந்த அக்காவைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். முதல் தீர்மானம் தண்ணீர்த் தொட்டி. அக்காவும் நானும் அந்தக் காகிதத்தோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். பத்தாம் நாள் புதுத் தொட்டி மொட்டை மாடிக்கு ஏறியது. கழிப்பறையின் துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பவில்லை, ரம்பத்தால் அறுத்தார்கள். வகுப்பு நடக்கும்போதே பெண்கள் ஜன்னலோரம் ஓடிவந்து கைதட்டினார்கள். ஆசிரியைகள் யாரும் தடுக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பெஞ்சுகள் போதவில்லை. பழைய தலைவரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். முடியும் நேரத்தில் தயங்கித் தயங்கி எழுந்து, பிள்ளைகளுக்கு மூன்று மாதமாக அறிவியல் ஆசிரியர் இல்லை என்றார்.

"நீங்களும் கூட வருவீர்களா?" என்று கேட்டேன்.

திங்கட்கிழமை காலை, கல்வி அலுவலகத்துக்கு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தது அவர்தான்.