தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் எங்கே? சிங்கப்பூர் தேக்கா சந்தைப் பக்கம், நடுத்தெருவில், கையில் முருங்கைக்காயும் கீரைக்கட்டுமாக. எனக்குத் தேவைதான்!

எல்லாம் ஒரு பாட்காஸ்டில் ஆரம்பித்தது. தோ பாயோவிலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில் கொஞ்ச நாளாக ஒரு பேராசிரியரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். சுயவிருப்பம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறார் மனிதர். பரம்பரை, வளர்ப்பு, மூளைக்குள் ஓடும் ரசாயனம்... இவை எடுக்கிற முடிவைத்தான் நாம் 'நான் எடுத்தேன்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமாம். அடடா, எவ்வளவு வசதி! நான் டயட்டைக் கைவிட்டதுகூட என் தப்பில்லை.

வசதியை நானே அனுபவித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தம்பிக்கும் கொஞ்சம் கொடுப்போமே என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் வினை.

தம்பி சேவியர் ஒரு காலத்தில் சூதாடி. நாலு நம்பர் லாட்டரியில் தொடங்கி சூதாட்டக்கூடம் வரை போனவன். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனே விண்ணப்பித்து, அந்தக் கூடத்துக்குள் தன்னை விடக் கூடாது என்று தன் பெயருக்கே தடை வாங்கிக்கொண்டான். இந்த ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. மனைவி திரும்பி வந்தாள். அன்று பிரைமரி ஒன்றில் இருந்த மகள் இப்போது செகண்டரி முடிக்கப் போகிறாள். ஆனால் அந்தத் தடை லாட்டரிக் கடைக்குச் செல்லாதே? அதுதான் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறதே!

அன்று பூசை முடிந்து, காய்கறி வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தோம். சேவியர் சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பினான்.

"எங்கடா போற? பஸ் ஸ்டாப் நேரா இருக்குலா."

"அந்தத் தெருவுல நம்பர் கடை இருக்குக்கா. இன்னிக்குக் குலுக்கல். பெரிய க்யூ நிக்கும். நாம சுத்திப் போயிருவோம்."

இத்தனை வருடம் கழித்துமா? எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அக்கா இல்லையா... ஆறுதல் சொன்னேன்.

"இன்னும் எதுக்குடா உன்னையே தண்டிச்சுக்கிற? அது உன் தப்பே இல்ல. அப்பாவும் குதிரைப் பந்தயத்துல காசை விட்டவருதானே? ரத்தத்துல இருக்கு. உன் மூளை அப்படி. நீ என்ன பண்ணுவ, பாவம்!"

நின்றுவிட்டான்.

"அப்ப இப்பப் போயி அந்த க்யூவுல நின்னாலும் என் தப்பு இல்ல. அப்படித்தானே?"

நான் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயைப் பார்த்தேன்.

"சொல்லுக்கா. போகட்டுமா?"

விளையாட்டுக்குக் கேட்கிறானா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "போகாதடா" என்று சொல்லலாம். யாரிடம் சொல்வது? முடிவெடுக்கிற ஆளே அங்கே இல்லை என்று இப்போதுதானே சொல்லி முடித்தேன்!

"விளையாடினது நான் இல்லன்னா, நிறுத்தினதும் நான் இல்லன்னு ஆயிரும்க்கா." அவன் சந்துப் பக்கம் கையைக் காட்டினான். "வாரா வாரம் நிறுத்துறேன். இதோ, இப்பக்கூட நிறுத்திட்டுத்தான் நிக்கிறேன். தப்பு என்னோடதாவே இருக்கட்டும். அதை நீ பிடுங்கிட்டுப் போயிட்டா எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது."

கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. துடைக்கக் கை ஏது? இரண்டிலும் பை.

"ஆமாடா," என்றேன். "தப்பு உன்னோடதுதான். முழுசா உன்னோடதுதான்."

அப்போதுதான் சிரித்தான். "தேங்க்ஸ்க்கா," என்றான். அந்த வெயிலில் சுற்றிக்கொண்டுதான் போனோம்.

உண்மையிலேயே சுதந்திரம் உள்ளவன் என்றால் அந்தக் கடை முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க வேண்டாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். தன் கால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்து, அதை இன்னொரு பக்கம் திருப்புகிறானே ஒருவன் — அதற்கு என்ன பெயர்? ரசாயனமா? சரி, ரசாயனமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். யாருடைய ரசாயனம் ஐயா அது? என் தம்பியுடையதுதானே?

விஞ்ஞானத்தோடு மல்லுக்கட்ட எனக்குப் படிப்புப் போதாது. பேராசிரியர் சொல்வது அத்தனையும் சரியாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்... முடியாது என்றால் முடியாதுதான். "நீங்கள் ஒத்துக்கொள்ளாததும் முன்பே முடிவானதுதான் அம்மா" என்பார்.

அப்படியா? பிறகு என்னை ஒத்துக்கொள்ள வைக்க எதற்கு இத்தனை எபிசோடு?