ஈசிஜி அவசரம்

என் கணவருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். யாருமில்லாத அறையிலும் அவருக்குக் கேட்கும் குரல்கள் பழைய அளவு மாத்திரைக்கு அடங்காமல் போனதால்தான். அளவு கூடினால் இதயத் துடிப்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று திருப்பதி டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் படித்தவள், அதுதான் வினை. மருந்துப் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, மதியம் அவர் தூங்கும்போது நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன்.

"இன்னாமே, ரயில் வருதா?" என்றார் கண் திறக்காமல்.

ஒரு காலை கிளினிக்கிலிருந்து போன் வந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து சித்தூருக்கு வாழ வந்தவள் நான். என் தெலுங்கு காய்கறி வாங்கும் அளவுதான். நர்ஸம்மா பேசியதில் "ஈசிஜி அவசரம் அம்மா" என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

வேறென்ன வேண்டும்? தலை துவட்டக்கூட விடாமல் அவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். கிளினிக் படிக்கட்டில் மகளைத் தூக்கப் போனவரைத் தடுத்து, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டேன்.

"நல்லாத்தானமே கீறேன். பாட்டில் இன்னா, பாறாங்கல்லா?"

எங்களைப் பார்த்து நர்ஸம்மா திகைத்தார். இந்த வாரத்தில் என்றைக்கு வந்தாலும் போதும் என்றுதானே சொன்னேன் என்றார், எனக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்தித் தெலுங்கில்.

"நீங்கதான அவசரம்னீங்க!" என்றேன்.

கணவருக்கு அப்போதுதான் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ, தெலுங்குல அவசரம்னா 'தேவை'ன்னு அர்த்தம்மே! நீ இன்னாடான்னா என்னை ஈரத் தலையோட இட்டுக்கினு வந்துட்ட!" அவர் அதைத் தெலுங்கில் சொல்லவும், சிரிப்பு உள்ளறையில் டாக்டரம்மா வரைக்கும் போனது.

வந்ததற்கு அன்றே ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்தபோது நான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பாகுந்தி, நல்லா இருக்கு" என்றார். பிறகு, கை கால் எப்படி என்று கணவரிடம் கேட்டார்.

"கால்தான் சும்மா நிக்கமாட்டேங்குது மேடம். உக்காந்துக்கினே திருமலைக்கு நடந்துடுவேன்."

நான் முந்திக்கொண்டேன். "அளவக் கொறச்சிடலாமா மேடம்?" கேட்டு முடிப்பதற்குள், குறைத்தால் குரல்கள் திரும்பிவிடுமோ என்று அதற்கும் பயந்தேன். டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்பதான் என் பொண்ணு பேசறது முழுசாக் கேக்குது. முன்னெல்லாம் நடுவுல அவங்க பூந்துடுவாங்க. காலுக்கு வேற வழி பாருங்க மேடம். இது இருக்கட்டும்."

அளவு அப்படியே இருந்தது. காலுக்கென்று தனியாக ஒரு மாத்திரை எழுதி, சீக்கிரமே மறுபடி வந்து காட்டச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் ஒரு யானைக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். சந்திரகிரி தாண்டியும் தாலி கட்டியாகவில்லை. மருந்துக் கடையில் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தார்களா என்று கேட்க நான் வாயெடுத்தேன்.

"இருமே, கதை போய்க்கினு கீது" என்று என்னை அடக்கிவிட்டு அவளிடம் திரும்பினார். "அப்புறம் மாப்ள இன்னா சொன்னாரு?"