திரும்ப வைத்த அட்டை

எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். பலிபீடத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம், பக்கத்தில் ஒரு படம். வீட்டுக்கு ஒன்று. வீட்டின் கடைக்குட்டி போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். வருகிற வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுக்கிற வாக்கு. அதைச் சுவரில் ஒட்டி, டிசம்பர்வரை சொல்லிச் சொல்லி ஜெபிப்பார்கள். பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ள அது சேலைக்கடை இல்லை.

நான் மாற்றினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவுக்கு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. தமிழ் ஆராதனைக்காக ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி சிகந்தராபாத் போவோம். வீட்டில் பேச்சு திருநெல்வேலித் தமிழ்; எனக்கும் அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் இங்கிலீஷும் தெலுங்கும். தமிழ் எழுத்தை அம்மா வேதாகமத்தை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் சாதம் குழைந்துவிடும்.

அன்றைக்கு ஒழுங்காகக் கண்ணை மூடித்தான் எடுத்தேன். அட்டையைத் திருப்பியதும் திறந்துவிட்டேன். கறுப்பாகச் சுழித்தோடும் ஆறு, அதற்கப்பால் எரிகிற காடு. எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் தண்ணீர் என்று ஒரு சொல்லும் அக்கினி என்று ஒரு சொல்லும் பிடிபட்டன. ஒரு வருஷம் முழுக்க இதையா வீட்டில் ஒட்டுவது? வரிசையில் பின்னால் நின்ற பையன் முதுகில் இடித்தான். சட்டென்று அதைத் தட்டில் செருகிவிட்டு வேறொன்றை எடுத்தேன். பச்சை மரத்தடியில் ஒரு மான் நின்றது. நீண்ட ஆயுளைத் தந்து திருப்தியாக்குவேன் என்கிற வசனம். அம்மா அதை வாசித்து அட்டைக்கு முத்தம் கொடுத்தாள்.

பஸ்ஸில் அண்ணன் என் காதோரம் குனிந்தான். "ரெண்டு தடவ கைய விட்டியே, நான் பாத்தேன். சோர், திருடி." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "டர் நக்கோ, பயப்படாத. யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆராதனை முடிஞ்சு குடுத்த கேக்குல உன் துண்ட மட்டும் எனக்குத் தந்துரு." கொடுத்தேன். அவனுக்குப் பதினைந்து வயது. கடைசிவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆறாம் நாள் ஐசியூவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே போய்ப் பார்க்கக் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் அம்மா கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது சுவரிலிருந்து மான் அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஒருநாள் அப்பா என்னைக் கூட்டிப்போனபோது பார்த்தேன். அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "நீர் சொன்னீரே ஆண்டவரே. நாங்களா கேட்டோம்? நீராத்தானே சொன்னீர்."

அது எங்கள் அட்டை இல்லை என்று எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும், உள்ளே கிடக்கிற அண்ணனுக்குத் தெரியும். யாருக்கோ கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டு அம்மா வாதாடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை என்னை எங்கள் சபைக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிறவரைக் கோயில்பிள்ளை என்போம். ஆராதனை முடிந்ததும் அவரைப் பிடித்தேன். மிஞ்சின அட்டைகளில் எங்களுடையது கிடந்தால் எடுத்துக்கொண்டு மானைக் கொடுத்துவிடலாம், கணக்கு நேராகிவிடும் என்பது என் யோசனை. மான் அம்மாவின் கையில் இருந்ததை எப்படி வாங்குவது என்பதையெல்லாம் யோசிக்கவில்லை.

"மிச்ச அட்டயா? அத எல்லாம் அப்பமே ஆஸ்பத்திரி ஊழியத்துக்குக் குடுத்தாச்சே. சீக்காளிகளுக்குக் குடுப்பாங்க. உனக்கு என்னத்துக்குப் பிள்ள?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்து அத்தையோடு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அண்ணன் போய்விட்டான். பார்க்க விடுகிற நேரம் இல்லை அது. அம்மா கதவுக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் ஆறுதல் என்ற பெயரில் சொன்னதையெல்லாம் இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்றார் ஒருவர். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவில் சௌக்கியமாக இருந்தார்கள். ஜெபக்குழு அம்மாள் ஒருத்தி காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "வீட்டுல மறைவா ஏதாச்சும் பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்றாள். அம்மா அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்தப் பாவம் கவுன் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றது.

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. எல்லோரும் பாடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்குப் பழக்கதோஷத்தில் பாயை விரிப்பாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டி மூலையில் வைப்பாள். அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொள்வார். திடீர் திடீரென்று அம்மா கையில் இருப்பதை வைத்துவிட்டு, "தனியாக் கெடந்து போயிட்டானே. பக்கத்துல ஒரு ஆள் இல்லாமப் போயிட்டானே" என்பாள். வேறு எதையும் அவள் அவ்வளவு சொல்லவில்லை.

மான் அட்டையை அவள் கிழித்துப்போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பழைய இடத்திலேயே ஒட்டிவைத்தாள். போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வாள். "சொன்னாச் சொன்னபடி செய்யணும்லா." "இதுக்குப் பேரு வாக்கா?" கொழுந்தனோடு சண்டை போடுகிற குரல். நான் செய்ததற்குக் கடவுள் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சுமை என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"எம்மா, அந்த அட்ட நம்மளுது இல்ல. மொதல்ல வந்தத நான் திரும்பத் தட்டுலயே வச்சிட்டேன்."

கிள்ளுகிற கை நின்றது. "மொதல்ல என்ன வந்துச்சு?"

"தண்ணி. அப்புறம் நெருப்பு. அதுக்கு மேல வாசிக்கத் தெரியல."

எழுந்து போய் வேதாகமத்தை எடுத்துவந்தாள். தேடவே இல்லை, நேராக ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். "இதுவா பாரு." அதே இரண்டு சொற்கள் இருந்தன. ஆமாம் என்றேன்.

"பொய் சொல்லாத. நெசமா இதுதான் நமக்கு வந்துச்சா?"

"இதுதாம்மா."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். அப்புறம் அதையும் எடுத்துவிட்டு ஓவென்று அழுதாள். கல்லறையில்கூட அவள் அப்படி அழவில்லை. அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "நமக்கு இதுதான் வந்திருக்கு. கேட்டியளா, இதுதான் வந்திருக்கு" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் மான் அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தாள். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அண்ணனின் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அந்த வசனம் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதி அதே இடத்தில் ஒட்டினாள். ஏழு மணிக்குப் பாயை விரித்தாள். இந்தத் தடவை சுருட்டவில்லை. முழங்காலில் நின்றாள். அப்பாவும் தயங்கிக்கொண்டே வந்து நின்றார். ஸ்தோத்திரம், நன்றி எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள நீர் இருந்தீரா? அவன் பக்கத்துல இருந்தீரா? இருந்தீர்னா போதும்."

அதற்குப் பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் ஏழு மணிக்கும் அதையேதான் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அண்ணன் தனியாகப் போனான் என்பதை மட்டும் அதன் பிறகு அவள் சொல்லவில்லை.

அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அம்மா அடிக்கவில்லை, ஏசவில்லை, அதற்குப் பதிலாக நான் செய்த குற்றத்தை எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைத்துவிட்டாள். அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் தண்ணீர், அக்கினி என்ற இரண்டு சொற்களோடு கண்ணைத் திருப்பிக்கொள்வேன். அந்த ஆற்றிலும் நெருப்பிலும் நான் உன் கூடவே இருப்பேன் என்று கடவுள் சொல்கிற வசனம் அது. அதைப் படிக்கத் தெரிந்த வயதிலும் நெடுநாள் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.