அண்ணியின் அளவுக்குச்சி

அந்த ஆய்வுக் காட்டில் டேப்பக்காவை அறியாதவர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. தச்சரின் இழைப்புளி வாயையே மழுங்கடிக்கும் கெட்டி மரங்கள் தொள்ளாயிரத்து நாற்பதையும் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டிப்பிடித்து, சுற்றளவு எடுத்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு பருவத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். மரங்களும் வளர்வதை நிறுத்தவில்லை, அவளும் நின்றுகொள்ளவில்லை. கல்யாண வீட்டில் தூணைக் கண்டால்கூட இவளுக்குக் கை துறுதுறுக்கும் என்று லாரி ஓட்டும் கணவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முதல் வருஷத்திலிருந்தே துணைக்கு அவளுடைய கொழுந்தன். ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் நீளக் குச்சியை மரத்தடியில் நிறுத்தி, அதன் தலை தொடும் இடத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு வளையம் அடிப்பது அவன் வேலை. பெயின்ட் வருஷத்துக்கு வருஷம் மங்கும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். காய வேண்டுமே என்று அவன் ஒரு நாள் முன்னால் போவான். மறுநாள் இவள் வந்து அந்த வளையத்தின் மேல் டேப்பைச் சுற்றுவாள்.

"ஒவ்வொரு மரத்துக்கும் குச்சிய வெச்சுப் பாத்துத்தான் அடிக்கணும், புரியுதா?" என்பாள்.

"சரிங்க அண்ணி" என்பான். கொஞ்சம் வளையாத உடம்பு அவனுக்கு. ஆனாலும் அவன் சொன்னால் அவள் நம்பினாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் காட்டைப் பார்க்க வரலாம். அன்று வந்த முப்பது பேருக்கு டேப்பக்காதான் விளக்கம் சொன்னாள். வளையமும் மரத்தோடு மேலே போய்விடாதா என்று ஒரு பெண் கேட்டாள்.

"போகாதும்மா. மரம் நுனியிலதான் உயரும். இடுப்புல அடிச்ச ஆணி கடைசி வரைக்கும் அதே உயரத்துலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குச்சியை உயர்த்திக் காட்டினாள். "இதான் எங்க அளவு. ஒன்னு முப்பது. இருபத்தஞ்சு வருஷமா இதே குச்சிதான்."

கூட்டத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். கடையை மகனிடம் விட்டு மூன்று வருஷமாகியும் கழுத்திலிருந்து டேப்பை இறக்காதவர். சும்மா இருக்க முடியாமல் குச்சியை வாங்கி அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இது அஞ்சு சென்டிமீட்டர் குறையுதே."

குச்சியின் அடிப்பக்கம் தேய்ந்து மொண்ணையாகியிருந்தது. டேப்பக்கா அதைத் தடவிப் பார்த்தாள். குச்சி தேயத் தேய வளையம் இறங்கியிருக்கும். கீழே இறங்க இறங்க மரம் பருமன். அப்படியானால் நோட்டில் அவள் எழுதிய வளர்ச்சி மரத்தின் வளர்ச்சியே இல்லை, பாதி குச்சியின் தேய்மானம். அந்த எண்களை நம்பித்தான் ஆய்வாளர் அடுத்த வாரம் அறிக்கையை அனுப்பப்போகிறார். அவள் ஆயுசில் பாதி அந்த நோட்டுகளில் இருந்தது. அதை எல்லார் முன்னாலும் குப்பையில் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

கூட்டத்தோடு வந்திருந்த ஆய்வாளர் அவள் தோளைத் தொட்டார். "அக்கா, பதறாதீங்க. முதல்ல மரத்தப் பாத்துடுவோம். வளையம் எங்க இருக்கோ அதானே நெஜம்?"

தையல்காரர் மண்டியிட்டு, தரையிலிருந்து வளையத்தின் மேல் விளிம்பு வரை டேப்பைப் பிடித்தார். டேப்பக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒன்னு முப்பது."

அடுத்த மரம் ஒன்று முப்பது. அதற்கடுத்ததும் அதேதான். பதினொரு மரம் அளந்தார்கள். ஒன்றுகூட இறங்கவில்லை. நின்றிருந்த மூச்சு அவளுக்குத் திரும்பி வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. குறைந்த குச்சியை வைத்து எப்படிச் சரியான இடத்தில் அடிக்க முடியும்?

கொழுந்தன் கூட்டத்துக்குப் பின்னால், பெயின்ட் டப்பா மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இங்க வா. குச்சி ஏன் தேஞ்சுது?"

"ஊனிக்கிட்டு நடந்தேங்க அண்ணி. மேடு பள்ளம் பாருங்க."

"மரத்துல வெச்சுப் பாத்தியா, இல்லையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "மொத வருஷம் வெச்சேன். அப்புறம்... பழைய வளையந்தான் கண்ணுக்குத் தெரியுதே, எதுக்கு ஒவ்வொரு மரத்துக்கும் குனியணும்னு அது மேலயே இழுத்துட்டேன். கோவப்படாதீங்க."

ஆய்வாளர் முதலில் சிரித்தார். பிறகு முப்பது பேரும் சிரித்தார்கள். டேப்பக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகை. இத்தனை வருஷமும் சொன்ன பேச்சைக் கேட்காத ஒருத்தன் அவள் உழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். அவனை எதைச் சொல்லித் திட்டுவது?

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குச்சியை அவன் கையில் திணித்தாள்.

"இனிமே இது ஒனக்குக் கைத்தடி, அவ்ளோதான். அடுத்த வருஷம் இதக் கொண்டுபோய் மரத்துல வெச்சேன்னு வை, தொலைச்சுக் கட்டிடுவேன்."

"சரிங்க அண்ணி" என்றான் அவன்.